கேண்டி தமிழ்ச்சொல்லே

ஜனவரி 2

மருந்துக்கடையில் சும்மா கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரையின் பெயர் அச்சடித்திருக்கிறது. அவருடைய சர்க்கரை அளவைத் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்பது டாக்டர் பெர்சிஸின் உத்தரவு. இன்று வெறும் வயிற்றில் 212. எழுதியாயிற்று. மிச்சப் பக்கம் வீணாய்ப் போவானேன் என்று நானும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். இதே கோவில்பட்டியில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். நான் செண்பகவல்லி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காதவளாக உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவள். ஒரே மகள் சங்கரி, பெங்களூரில். டைரிக்கு இவ்வளவு அறிமுகம் போதும்.

ஆறு வருஷமாக இந்த வீட்டில் சர்க்கரை டப்பா கிடையாது. அவருக்கு நோய் முற்றியபோது டாக்டர் ஒரே அடியாக நிறுத்தச் சொன்னார். அவர் பார்க்க நான் தின்றால் பாவம், ஏங்கிப்போவார் என்று நானும் நிறுத்தினேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. நான் பிறந்த வீட்டில் காப்பிக்கு மூன்று கரண்டி போட்டுக் குடித்தவள். இப்போது கசாயம் குடிக்கிறேன். இதை அவர் கவனித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

ஜனவரி 5

டாக்டரிடம் போய் வந்தோம். பெர்சிஸ் இவர் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே குத்திக்கொண்டே தெரிகிறதா என்று கேட்டார். இவரும் தெரியுது, தெரியுது என்று பரீட்சை எழுதும் பையன் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை டாக்டர் இழையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். அதற்கும் தெரியுது என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு சிரிக்கவிடவில்லை. காலில் உணர்ச்சியே இல்லை, ஆணி ஏறினாலும் தெரியாது என்றார். வீட்டுக்குள்ளும், சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்று செய்கிற எம்.சி.ஆர். செருப்புதான் போட வேண்டும். எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். தினமும் சாயங்காலம் பாதத்தை நான் பார்க்க வேண்டும், அவரால் அந்த அளவு குனிய முடியாது.

பஸ்ஸில் வரும்போது, அந்தப் பொம்பளைக்குப் பயமுறுத்தத்தான் தெரியும் என்று முனகினார். சாயங்காலம் பாதம் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

ஜனவரி 8

தங்கப்பழம் வந்திருந்தார். இவரிடம் கல்லூரியில் படித்தவர், இப்போது மிட்டாய் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். இந்த ஊரில் கடலைமிட்டாய் கிண்டாத தெருவே இல்லை என்பதால் சங்கம் கொஞ்சம் பெரியதுதான். குடியரசு தினத்தன்று ஆண்டுவிழா வைத்திருக்கிறார்களாம். சார் பேச வேண்டுமாம்.

என்ன பேசுவது என்று இவர் யோசிக்கவே இல்லை. இரண்டு வருஷமாக மனிதர் அதைத்தானே கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். மிட்டாய்க்கு இங்கிலீஷில் கேண்டி. அந்தக் கேண்டி எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுக்காரன் சர்க்கரைக்குப் பின்னால் ‘கந்தி’ என்று ஒட்டிச் சொன்னான். அவன் அதை அரபிக்காரனிடம் வாங்கினான். அரபிக்காரன் பாரசீகக்காரனிடம். பாரசீகத்தில் அது ‘கந்த்’. அதற்கும் முன்னால் சமஸ்கிருதத்தில் ‘கண்ட’, துண்டு என்று அர்த்தம். இதுவரைக்கும் எல்லா அகராதியும் சொல்கிறது. இவர் அங்கே நிற்க மாட்டார். துண்டு எப்படி வரும்? பாகு கட்டினால்தானே உடைத்துத் துண்டாக்க முடியும்? கட்டு, கட்டி, கண்டு, கற்கண்டு. எனவே கேண்டி தமிழ்ச்சொல்லே. தலைப்பும் அதுதான்.

தங்கப்பழத்துக்குப் புல்லரித்துவிட்டது. வெள்ளைக்காரன் நம்ம சரக்கோட நம்ம பேரையும் தூக்கிட்டுப் போயிட்டானே சார் என்று எழுந்து நின்றுகொண்டார். நான் இருவருக்கும் சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்தேன். தங்கப்பழம் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஜனவரி 11

செருப்பு அலமாரிப் பக்கம் எறும்புச் சாரை. மஞ்சள்தூள் போட்டேன். பாதம் சுத்தம். 231.

ஜனவரி 15

பொங்கல். வெண்பொங்கல் மட்டும் வைத்தேன். கரும்பு சாமிக்கு வைத்து, அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் சர்க்கரைப் பொங்கலைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார்கள். நெய்யும் ஏலக்காயும் மணந்தது. வாசலிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். அவர் நாற்காலியில் இருந்தபடி, பரவாயில்லை, உனக்கு வேணும்னா வாங்கிக்கயேன் என்றார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. எனக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, நாள் முழுக்கச் சந்தோஷமாகவே இருந்தேன்.

எறும்பு திரும்ப வந்திருக்கிறது.

ஜனவரி 19

இன்று சண்டை. கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். வாய்ச்சாலகத்துக்குக் கேட்கவா வேண்டும். ஆனால் அவர் மேஜையில் விரித்து வைத்திருந்த அகராதியில் ‘ஒருவேளை திராவிட மூலமாக இருக்கலாம்’ என்றல்லவா போட்டிருக்கிறது? கட்டுரையில் அந்த ‘ஒருவேளை’யைக் காணோம். எங்கே போயிற்று என்று கேட்டேன்.

“அது அவன் பயந்துக்கிட்டுப் போட்டது செம்பா. நமக்கு எதுக்கு அந்தப் பயம்?”

“தெரியாததைத் தெரியும்னு சொன்னா அது பொய்தானேங்க?”

அவ்வளவுதான். டெலிபோன் ஆபரேட்டருக்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி எல்லாம் எப்போது வந்தது என்று கேட்டார். ஒருவேளை, ஒருவேளை என்று சொல்லிக்கொண்டிருந்தால் மேடையில் எவன் கைதட்டுவான், அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது என்றார். ராத்திரிக்குக் கேழ்வரகு தோசையைக் கருகவிட்டுக் கொடுத்தேன். அதையும் தின்றார்.

ஜனவரி 22

268. மிஷின் சரியில்லையாம். சாப்பாடு நான்தான் போடுகிறேன். அரிசியைக் கைப்பிடி அளந்து போடுகிறேன். ஏன் ஏறுகிறது என்று என்னைக் கேட்டால்?

ஜனவரி 25

நாளைக்கு விழா. கோட்டும் ஷூவும் போட வேண்டுமாம். ஷூ கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை ஞாபகப்படுத்தினேன். கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே அந்தச் சர்க்கரைக்காரன் செருப்பையா மாட்டச் சொல்கிறாய், ஊரே பார்க்கும், ரெண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்றார். சரி, உங்கள் கால், உங்கள் பாடு என்றேன்.

பாலிஷ் போடலாம் என்று செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்து அந்தக் கறுப்பு ஷூவை எடுத்தேன். இடது ஷூ கனத்தது. உள்ளே கைவிட்டால் காகிதப் பொட்டலம். பிரித்தால் கற்கண்டு. பொடிக் கற்கண்டு இல்லை, கடைக்காரன் பாளத்தைச் சுத்தியலால் உடைத்துக் கொடுப்பானே, அந்தக் கட்டிக் கற்கண்டு. ஓரமெல்லாம் கூராக இருக்கும். பாதிக்குமேல் தின்று தீர்த்திருக்கிறார். காகிதத்தின் மடிப்பு நைந்துபோயிருந்தது. இது முதல் பொட்டலமும் இல்லை. வலது ஷூவுக்குள் வெறும் காகிதங்கள் சுருட்டித் திணித்திருந்தன.

ஆறு வருஷம். ஆறு பொங்கல், ஆறு தீபாவளி. சங்கரி மகனுக்குக் காது குத்தினபோது எல்லாரும் லட்டு தின்ன, நான் மோர் குடித்துவிட்டு எழுந்தேன். இவர் இங்கே ஷூவுக்குள் கடை வைத்திருக்கிறார். உனக்கு வேணும்னா வாங்கிக்கயேன் என்று அன்றைக்குத் தாராளமாகச் சொன்னது எதனால் என்று இப்போது விளங்குகிறது. அதற்குப் போய் நான் நாள் பூராவும் பூரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஷூவாலேயே என் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

கத்தலாம். கத்தினால் என்ன சொல்வார்? ஆராய்ச்சிக்கு வாங்கினேன் என்பார். சொல்லக்கூடிய ஆள்தான்.

பொட்டலத்தை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் இடது ஷூவின் நுனியில் திரும்பப் போட்டேன். நாளைக்குக் கிளம்புவதற்குமுன் எப்படியும் பொட்டலத்தைத் தேடி உள்ளே கைவிடுவார். ஒன்று கையில் தட்டுப்படும். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியட்டும். மேடையில் நின்று கற்கண்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் ஞாபகம் வரட்டும்.

ஷூவை நன்றாகப் பளபளவென்று துடைத்து வாசலில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 26, காலை

தங்கப்பழம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே காரோடு வந்துவிட்டார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, காலுறை மாட்டிக்கொண்டு, இடது ஷூவை மடியில் எடுத்து வைத்து உள்ளே கைவிட்டார். முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் கோட்டை உதறிக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனசு குளிர்ந்தது.

அதற்குள் தங்கப்பழம் உள்ளே வந்து, நேரமாச்சு சார், நீங்க குனியாதீங்க, நான் போட்டுவிடுதேன் என்று அவர் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். என் வாத்தியாருக்கு நான் செய்யக்கூடாதா என்று ரெண்டு ஷூவையும் மாட்டி லேஸை இறுக்கிக் கட்டிவிட்டார். சங்கத்துச் செயலாளர் தரையில் உட்கார்ந்து லேஸ் கட்டுகிறார் என்று இவருக்கு ஒரே பெருமை.

கல்லை எடுத்துவிட்டாரா? எடுத்திருப்பார். கையை மூடிக்கொண்டு எடுத்தாரா, விரித்துக்கொண்டு எடுத்தாரா என்று நான் பார்க்கவில்லை. காலண்டரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வரலையா என்று கேட்டார். தலைவலி என்றேன்.

அதே நாள், சாயங்காலம்

பெரிய வெற்றி. சால்வை, மாலை, கைதட்டு. ரெண்டு மணி நேரம் நின்றபடியே பேசினாராம். அப்புறம் ஊர்வலம் மாதிரி பஜார் வழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்துப் பன்னிரண்டு கடையில் படம் எடுத்துக்கொண்டார்களாம். இதையெல்லாம் தங்கப்பழம்தான் சொன்னார். இவர் ஷூவை வெளி வராந்தாவிலேயே கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பாதம் பார்க்கவில்லை. அவரும் காலை நீட்டவில்லை.

மத்தியானம் அரிசிப் பானையில் கைவிட்டு ஒன்று எடுத்து வாயில் போட்டேன். ஆறு வருஷம் கழித்து. கன்னத்தில் ஒதுக்கிக் கரையவிட்டேன். கரைய நேரமானது.

ஜனவரி 28

பேச்சுவார்த்தை இல்லை. துவைக்கிற தொட்டியில் இடது காலுறையில் எறும்பு மொய்த்திருந்தது. அடியில் பழுப்பாக ஒரு கறை. ஷூ பாலிஷாக இருக்கும். சோப்புப் போட்டு இரண்டு கசக்கில் போய்விட்டது.

194 என்று அவரே பார்த்துச் சொன்னார். நான் மிஷினைப் பார்க்கவில்லை, அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 30

படுக்கை அறையில் எலி செத்த நாற்றம். பீரோவை நகர்த்திப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இந்த வெயிலிலும் காலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். கட்டுரையைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம், திருத்திக்கொண்டிருக்கிறார்.

பாதத்தை அவரே பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். அவரால் அந்த அளவு குனிய முடியாது. சரி என்று விட்டுவிட்டேன். எனக்கும் மனசு ஆறவில்லை. முதலில் அவர் பேசட்டும்.

பிப்ரவரி 1

நெருப்பாகக் காய்ச்சல். பாயும் தலையணையும் நனைந்துவிட்டது. போர்வையை இழுத்தேன். இடது கால் பெருவிரல் கறுத்துப்போயிருக்கிறது. அதற்குக் கீழே உள்ளங்காலில் ஒரு குழி. நாற்றம் அங்கிருந்துதான்.

பெர்சிஸ் பார்த்த மாத்திரத்தில் ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டார். திருநெல்வேலி.

பிப்ரவரி 3

பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

திருநெல்வேலியிலும் பெர்சிஸ் வந்து பார்த்தார். என்ன குத்தியது என்று தெரிந்தால் நல்லது, அன்றைக்குப் போட்ட ஷூவைக் கொண்டுவாருங்கள் என்றார். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி இருந்ததால் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லி வரவழைத்தேன். டாக்டர் இடது ஷூவுக்குள் விரலை விட்டுத் துழாவினார். உள்தோலோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்து எடுத்தார். பாதி கரைந்து பழுப்பேறி, மிச்சம் ஒரு முனை மட்டும் கூராக இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

“கற்கண்டு. இதுமேலதான் அன்னைக்குப் பூரா நின்னிருக்கீங்க, நடந்திருக்கீங்க. இது எப்படி சார் ஷூவுக்குள்ள வந்துச்சு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

“மண்டபத்து வாசல்ல சந்தனம், கற்கண்டுத் தட்டு வச்சிருந்தாங்க டாக்டர். மேடை ஏறுறப்ப ஷூவை அங்கனதான் கழட்டிப் போட்டிருந்தேன். தட்டு சாஞ்சு விழுந்திருக்கும்.”

மேடையில் ஷூவோடுதான் நின்றார். தங்கப்பழம் காட்டிய படத்தில் பார்த்தேன். தன் பொட்டலம் வெளியே தெரியக்கூடாது என்று மனிதர் இந்த நிலையிலும் பொய் சொல்கிறார், சொல்லட்டும்.

பிப்ரவரி 6

சங்கரி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக என்மேல் பாய்ந்தாள். ஷூவுக்குள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும்தானே, தினமும் காலைப் பார் என்று சொன்னார்தானே, ஆறு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றாள். நாற்றம்கூடவா தெரியலை உனக்கு?

எலி என்று நினைத்தேன் என்றேன். என்னை அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

யார்தான் பொறுப்பு? ஷூ வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். தங்கப்பழம் அவசரப்படுத்தினார். அவர் மட்டும் அப்படி வந்து காலைப் பிடித்திருக்காவிட்டால் இவர் நிதானமாகப் பார்த்திருப்பார். அப்புறம், இவர் உள்ளே கைவிட்டுப் பார்த்தவர்தானே. கையை மூடிக்கொண்டுதான் வெளியே எடுத்தார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூடிக்கொண்டுதான் எடுத்தார்.

பிப்ரவரி 9

விஷம் மேலே ஏறுகிறது. முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன்.

கண்ட என்றால் சமஸ்கிருதத்தில் துண்டு என்று கட்டுரையில் வருகிற இடம் காலையிலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தை அவர் எப்போதும் ஏளனமாக வாசிப்பார். துண்டாம், துண்டு, என்று கையை வீசுவார்.

பிப்ரவரி 10

எடுத்தாயிற்று. பிழைத்துவிட்டார்.

பிப்ரவரி 15

தங்கப்பழம் வந்தார். கேடயம் கொண்டுவந்தார், வெள்ளிப் பூச்சுப் போட்டது, ‘சொல்லாய்வுச் செம்மல்’ என்று எழுதியிருக்கிறது. கேடயத்தைக் கொடுக்கவே முடியவில்லை அவரால். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை அவர் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

வெளியே என்னோடு வந்தவர் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார்.

“நாங்க வச்ச கற்கண்டும்மா. வாசல் தட்டுக்கு நாந்தான் பொறுப்பு. காலையில இந்தக் கையால லேஸ் கட்டிவிட்டவன், அங்க சார் கழட்டி மாட்டுனதக் கவனிக்காம விட்டுட்டேனே, ஒரு தட்டுத் தட்டிப் பாத்திருந்தா விழுந்திருக்குமே.”

இனிமேல் சங்கத்து விசேஷம் எதிலும் கற்கண்டுத் தட்டு வைப்பதில்லை, சந்தனமும் பூவும் மட்டும் என்று தீர்மானமே போட்டுவிட்டார்களாம். கற்கண்டு விற்கிறவர்கள்கூடக் கையெழுத்துப் போட்டார்களாம்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். உங்கமேல ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் நேரம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை உருவிக்கொண்டு, மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22

வீட்டுக்கு வந்துவிட்டோம். முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. சங்கரி நாளைக்குக் கிளம்புகிறாள், என்னோடு வேலை விஷயமாக மட்டும் பேசுகிறாள். அரிசிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். பொட்டலத்தை விழா அன்றைக்கே தின்று தீர்த்திருந்தேன், காகிதம்தான் கிடந்தது.

அலமாரியில் எறும்பு இல்லை. எம்.சி.ஆர். செருப்பில் வலதை மட்டும் எடுத்துக் கட்டிலடியில் வைத்தேன். இடதை என்ன செய்வது என்று தெரியவில்லை, அங்கேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 24

மத்தியானம் அவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். சங்கரி போய்விட்டாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. அவராகப் பேச ஆரம்பித்தார். விழாவுக்குப் பிறகு அவராக மனசுவிட்டுப் பேசியது இதுதான் முதல்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் செம்பா. அந்த மண்டபத்துத் தட்டு சாயல.”

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது.

ஷூவுக்குள் ரொம்ப நாளாகக் கற்கண்டு ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருந்ததைச் சொன்னார். சின்னப் பையன் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் உம் கொட்டினேன். அன்று காலை பொட்டலத்தைத் தேடிக் கைவிட்டாராம். பொட்டலம் இல்லை. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்துபோயிற்றாம். வெட்கமாகப் போயிற்றாம், அதனால்தான் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவோ காலைக் காட்டவோ முடியவில்லையாம். அப்புறம் விரலில் ஒன்று தட்டுப்பட்டதாம்.

“எல்லாத்தையும் எடுத்துட்டு ஒண்ணை மட்டும் விட்டு வச்சிருந்தே. இத்தனை தப்பும் தெரிஞ்சும், இன்னைக்கு ஒரு நல்லநாள், ஒண்ணு தின்னுட்டுப் போகட்டும்னு விட்டு வச்சிருக்காளேன்னு நெனச்சேன். எடுத்து வாயில போடுறதுக்குள்ள தங்கப்பழம் வந்து உக்காந்துட்டான். பழைய மாணவன் எதுக்க ஷூவுக்குள்ள இருந்து எடுத்துத் திங்க முடியுமா? சரி, கால்ல உறுத்தும்ல, கார்ல போறப்ப எடுத்துக்கிடலாம்னு விட்டேன்.”

போர்வையின் தட்டையான பக்கத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டார்.

“உறுத்தவே இல்ல. எனக்குத் தெரியுது தெரியுதுன்னு அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்.”

டாக்டரிடம் தட்டு சாய்ந்தது என்று பொய் சொன்னது, நான் விட்டு வைத்தது என்று தெரிந்தால் சங்கரி என்னைத் திட்டுவாளே என்பதற்காகவாம். பிரியமாகச் செய்த காரியம், அதற்குப் போய் உன்னைக் குற்றவாளியாக்குவதா என்றார். நாற்பது வருஷத்தில் அவர் எனக்காக யோசித்துச் சொன்ன வார்த்தை ஒன்று இருந்தால் இதுதான். அதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைத்த நேரத்தைப் பாருங்கள்.

பிறகு அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு அருகில் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியாது. என்ன பார்த்தாரோ, குரல் இறங்கிப்போயிற்று.

“எனக்காகத்தான விட்டு வச்சே? இல்ல, ஒருவேளை...”

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மிச்சத்தைச் சொல்லவிடாமல் சீப்பை எடுத்து வகிடு பிரித்தேன்.

“ஒருவேளை என்ன ஒருவேளை. உங்களுக்குத்தான் விட்டு வச்சேன்.”

கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தார்.

பிப்ரவரி 26

பெர்சிஸ் வீட்டுக்கே வந்து கட்டுப் பிரித்துப் பார்த்தார். புண் நன்றாக ஆறுகிறதாம். டைரியைக் கேட்டு வாங்கி, என் எழுத்தைப் படித்துவிடுவாரோ என்று நான் பதறுவதற்குள் இன்றைய பக்கத்தில் அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிற ஆள் கிடைக்க சார் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். அவரும் ஆமாம் என்றார்.

வெறும் வயிற்றில் 118. ஆறு வருஷத்தில் இவ்வளவு நல்ல அளவு வந்ததில்லை.